ஸ்மார்ட் வீட்டுக்குச் சந்தா கட்டுவதா, நாமே மாட்டிக்கொள்வதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மே மாத இரவு. தென்காசிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு மணிக்குக் கரண்ட் போய், இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. வந்த அதே நொடியில் படுக்கையறை, கூடம், மாடிப்படி, தோட்டம் என்று அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன. யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று நினைத்து அம்மா பதறி எழுந்து அப்பாவை எழுப்பியிருக்கிறார். இருவரும் விடியும்வரை தூங்கவில்லை. அந்த விளக்குகளைப் போனிலிருந்தே இயக்கும்படி ஸ்மார்ட் ஆக்கிக் கொடுத்தது நான். அன்று சென்னையில் இருந்தேன்.

காரணம் சின்னது. ஸ்மார்ட் பல்புகள் பெரும்பாலும் மின்சாரம் திரும்பியதும் எரியும்படிதான் கடையிலிருந்தே வரும். கரண்ட் வந்தால் பழைய நிலைக்கே திரும்பு என்று ஆப்பில் ஓர் அமைப்பை மாற்றியிருந்தால் போதும். நான் அதைப் பார்க்கவே இல்லை.

கம்பெனியிடம் சந்தா கட்டி விட்டுவிடலாமா, நாமே பொருள் வாங்கி மாட்டலாமா என்று யாராவது கேட்டால், இப்போது நான் விலையிலிருந்து தொடங்குவதில்லை. கரண்ட் போனால் என்ன ஆகும், நெட் போனால் என்ன ஆகும், மாட்டியவர் ஊரில் இல்லாதபோது கெட்டால் என்ன ஆகும் என்று இந்த மூன்றைத்தான் முதலில் கேட்கிறேன். நான் பார்த்த தவறுகள் எல்லாமே இவற்றில் ஏதாவது ஒன்றை யோசிக்காமல் விட்டதால் வந்தவை.

வீடு முழுவதற்கும் ஒரே முடிவு

பூவா தலையா போட்டதுபோல, எல்லாமே சந்தா அல்லது எல்லாமே சொந்தம் என்று முடிவெடுப்பதுதான் முதல் தவறு. நம்மூரில் சந்தா பல வடிவில் வருகிறது. கேமராப் பதிவுகளைக் கம்பெனியின் சர்வரில் வைத்திருக்க மாதக் கட்டணம், புது அடுக்ககங்களில் ஏற்கெனவே போட்டுத் தந்த ஆட்டோமேஷனுக்கு ஏஎம்சி என்ற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம், ஆப்பில் சில வசதிகளைத் திறந்துவிட ஒரு தொகை. இவை ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியில் பதிவு செய்துகொள்வதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. திருட வருகிறவன் டிவிஆரையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்தே எடுத்துப் போன செய்திகளைப் பேப்பரில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? வாசலைப் பார்க்கும் கேமராவின் பதிவு வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருப்பதற்காகப் பணம் கட்டுவது நியாயமான செலவு. ஆனால் எல்லாக் கேமராவுக்கும் கட்ட வேண்டுமா? ஒரு கேமராவுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4 கேமராவுக்கு 5 வருடத்தில் 48,000 ரூபாய். வாசல் கேமராவுக்கு மட்டும் சந்தா, மற்றவற்றுக்கு மெமரி கார்டோ உள்ளூர்ப் பதிவுப் பெட்டியோ என்று பிரித்தால் அது 12,000 ஆகிவிடும்.

படுக்கையறைப் பக்கம் கேமராவே வேண்டாம் என்பேன். பணம் கட்டுவதாலேயே பதிவுகள் பத்திரம் என்று ஆகிவிடாது. வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட பதிவுகளை ஊழியர்கள் பார்க்க முடிந்தது என்ற வழக்கில் அமேசானின் ரிங் நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்டும்படி ஆனது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கு அது.

விளக்கு, மின்விசிறி, மோட்டார் இவற்றுக்கு மாதச் சந்தா கட்டவே கட்டாதீர்கள். நம் வீட்டு விளக்கு நம் வீட்டு வயரில்தான் எரிகிறது. அதை அணைக்கும் உத்தரவு எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

'வாழ்நாள் முழுக்க இலவசம்' என்பதை நம்புவது

பெட்டியை ஒருமுறை வாங்கிவிட்டால் அது நம்முடையது என்று நினைக்கிறோம். அந்தப் பெட்டியின் மூளை கம்பெனியின் சர்வரில் இருந்தால், நம்மிடம் இருப்பது வெறும் கூடுதான்.

அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு ஹப், அதாவது வீட்டு ஸ்மார்ட் சாதனங்களை ஒன்றாக இணைத்து இயக்கும் பெட்டி, இருந்தது. விலை சுமார் 300 டாலர், வாழ்நாள் சேவையும் சேர்த்துத்தான் விற்றார்கள். கூகுளின் நெஸ்ட் நிறுவனம் 2014-இல் அதை வாங்கியது. 2016 மே 15-ஆம் தேதி சர்வரை நிறுத்தியது. ஹப்பில் எந்தப் பழுதும் இல்லை, ஆனாலும் அன்றோடு அது வேலை செய்வதை விட்டுவிட்டது. விங்க் என்ற இன்னொரு கம்பெனி இலவசம் என்று விற்ற ஹப்புக்கு 2020 மே மாதம் திடீரென்று மாதம் 4.99 டாலர் கேட்டது. யோசிக்க முதலில் கொடுத்த அவகாசம் ஒரே வாரம். இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனியின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லாமல் அணைந்தன. பல வருடமாக அதை நம்பியிருந்தவர்கள் ஆப்பைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பிறகு அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி, சந்தாவோடு மீட்டெடுத்தார்கள்.

பெரிய கம்பெனி என்றால் இப்படி ஆகாது என்பதும் இல்லை. பெல்கின் தன் வீமோ என்ற ஸ்மார்ட் சாதனங்களில் பலவற்றுக்கு க்ளவுட் ஆதரவை, அதாவது சர்வர் வழிச் சேவையை, 2026 ஜனவரி 31-உடன் நிறுத்துவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவற்றில் ஆப்பிளின் ஸ்மார்ட் வீட்டு அமைப்பான ஹோம்கிட்டில் முன்பே இணைக்கப்பட்டிருந்தவை தொடர்ந்து வேலை செய்யும் என்றார்கள். ஹோம்கிட் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும், அதற்கு வெளிச் சர்வர் தேவையில்லை. ஒரே சுவிட்ச், ஒரே விலை. உள்ளூரிலேயே இயங்கும் வழி இருந்ததா இல்லையா என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானித்தது.

வாங்கும்முன் இதை எப்படித் தெரிந்துகொள்வது? அட்டையில் மேட்டர் என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2022 அக்டோபரில் வெளிவந்த பொதுத் தரம் அது. நெட் இல்லாவிட்டாலும் வீட்டு நெட்வொர்க்குக்குள் சாதனங்கள் பேசிக்கொள்ளும்படி அமைத்தது. வைஃபை இல்லாமல் தனி ரேடியோ அலையில் ஹப்போடு பேசும் ஜிக்பீ சாதனங்களும் நல்ல தேர்வுதான், ஹப்பும் நெட் இல்லாமல் ஓடுகிற ஒன்றாக இருக்கும்வரை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அடுத்த முறை வீட்டில் நெட் போகும்போது, வைஃபை மட்டும் ஓடிக்கொண்டிருக்கையில், போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் அது உங்களுடையது.

நாமே செய்தால் செலவில்லை என்ற நினைப்பு

இந்தப் பக்கம் நிற்கிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்தமாகச் செய்வதில் பணம் குறையும், வேலை குறையாது.

வெவ்வேறு கம்பெனிச் சாதனங்களை வீட்டுக்குள்ளிருந்தே சேர்த்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளைத்தான் நான் பயன்படுத்துகிறேன். 2013-இல் தொடங்கியது, 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையிலோ பழைய கணினியிலோ ஓடும். ஆனால் ராஸ்பெர்ரி பையில் மெமரி கார்டு போட்டு ஓட்டினால் ஒருநாள் அந்தக் கார்டு செத்துப்போகும். விடாமல் எழுதி எழுதித் தேய்வது ஒரு காரணம், எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போவது இன்னொன்று. அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டைப் போடுங்கள். பேக்கப்பை வேறொரு இடத்தில் வையுங்கள். அதே கார்டில் வைத்த பேக்கப் அந்தக் கார்டோடு போய்விடும்.

அப்புறம், வெளியூரிலிருந்து வீட்டைப் பார்ப்பது. பழைய வீடியோக்களில் ரூட்டரில் போர்ட் திறந்துவிடுங்கள், அதாவது வெளி இணையத்திலிருந்து நேரே உள்ளே வர ஒரு வாசல் வையுங்கள் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. போதாததற்கு, இங்கே பல இணைப்புகளில் நமக்கென்று தனி பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே வந்துசேரும் இணைய முகவரி, கிடைப்பதே இல்லை, போர்ட் திறந்தாலும் பலன் இருக்காது. நம் போனையும் வீட்டையும் மட்டும் பூட்டிய வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றைப் போட்டால் இரண்டு சிக்கலும் தீரும். அதுவும் முடியாது என்றால், ஹோம் அசிஸ்டன்ட்டுக்கே விருப்பச் சந்தா ஒன்று இருக்கிறது, வெளியிலிருந்து அணுகும் வழியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கட்டுவதை நிறுத்தினாலும் வீட்டுக்குள் எல்லாம் முன்போலவே ஓடும். நான் மனதார ஒப்புக்கொள்ளும் சந்தா இந்த வகைதான்.

வீட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தும் ரூட்டரை அதில் சேர்க்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மின்சார வேலையை ஆப் வேலையாக நினைப்பது

பணம் போவதோடு நிற்காத தவறு இது. சந்தாக் கம்பெனிக்காரர் வந்து மாட்டினாலும், நீங்களே மாட்டினாலும் இதை விடக் கூடாது.

சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சின்ன ஸ்மார்ட் மாட்யூல் எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் வயர் தேவை. நம் வீடுகளில் பிளக் பாயின்ட் உள்ள போர்டுகளில் நியூட்ரல் இருக்கும். மாடிப்படி டூ-வே சுவிட்ச் போன்ற, சுவிட்ச் மட்டுமே உள்ள போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் வேண்டாத மாடல்களும் விற்கிறார்கள். அவற்றில் சிறிய எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரியலாம், மினுக்கலாம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: எல்லா போர்டுக்கும் நியூட்ரல் இழுத்துவிடச் சொல்லுங்கள், போர்டுப் பெட்டியை ஆழமானதாகப் போடச் சொல்லுங்கள். இன்று ஸ்மார்ட் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைப்பதைவிட அது எவ்வளவோ மலிவு.

அடுத்தது சுமை. சந்தையில் பல ஸ்மார்ட் பிளக்குகள் 10 ஆம்பியர். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் எடுக்கும். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர், பிளக் உருகும் அளவுக்குச் சூடாகலாம். கீசருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் பிளக்தான். தண்ணீர் மோட்டார் இன்னும் மோசம். 1 எச்பி என்பது 746 வாட்தானே என்று கணக்குப் போட்டு நேராக ஸ்மார்ட் ரிலேயில், அதாவது மாட்யூலுக்குள் இருக்கும் சின்ன மின் சுவிட்சில், கொடுத்துவிடுகிறார்கள். ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், ஆப்பில் அணைத்தது என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே, பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை இயக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். தொட்டி நிரம்பியதும் நிறுத்தும் வேலையை வைஃபையை நம்பி விடாதீர்கள், தண்ணீரில் மிதந்து மட்டத்தை அறியும், வயரில் வரும் ஃப்ளோட் சுவிட்ச் அதைச் செய்யட்டும்.

ரிமோட்டோடு வரும், மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மின்விசிறிக்கு முன்னால் ஸ்மார்ட் ரெகுலேட்டர் மாட்டாதீர்கள். அதன் வேகத்தை உள்ளே இருக்கும் சுற்றே பார்த்துக்கொள்கிறது, வெளியிலிருந்து மின்னழுத்தத்தை வெட்டினால் அது கெடும். அதன் ரிமோட்டைப் போலவே சிக்னல் அனுப்பும் கருவி ஒன்று போதும்.

கரண்ட் பில் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு மாட்யூலும் சும்மா இருக்கும்போது 1 வாட் எடுக்கிறது என்று வைத்தால், 20 மாட்யூலுக்கு இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட். ஸ்லாப் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அது சின்ன எண் இல்லை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வருவதையும் பார்த்து வாங்குங்கள். ஜிக்பீ போலவே தனி ரேடியோ அலையில் பேசும் இசட்-வேவ் சாதனங்கள் நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசை, அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865.2. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சுவிட்சை இங்கே மாட்டினால் அது அன்றே போய்விடும்.

வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் முடிவெடுப்பது

சுவிட்சை எடுத்துவிட்டு கண்ணாடித் தொடு பலகை போட்ட ஒரு வீட்டில், பாட்டி ராத்திரி எழுந்தால் டார்ச்சைத் தேடுகிறார். ஈரக் கையோடு தொட்டால் அந்தப் பலகைக்குப் புரிவதில்லை. இருட்டில் தடவினால் தேவையில்லாத விளக்கு எரிகிறது. ஸ்மார்ட் எதுவாக இருந்தாலும் பழைய சுவிட்ச் பழைய இடத்தில், பழையபடி வேலை செய்ய வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் மாட்யூல்கள் இதற்கு ஏற்றவை.

சந்தாவின் உண்மையான பலம் எனக்குப் புரிந்ததும் இங்கேதான். கெட்டுப்போனால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது. பெற்றோர் தனியாக இருக்கும் வீடு, வாடகைக்கு விடும் வீடு, பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லாத வீடு என்றால் நானே நல்ல ஏஎம்சி பார்க்கச் சொல்வேன். கையெழுத்துப் போடும்முன், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் எதெல்லாம் நிற்கும் என்று எழுதி வாங்குங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நான் ஏஎம்சிக்குப் போகவில்லை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், பழைய ஈபி அட்டை தொங்கும் ஆணியில், ஒரு நாற்பது பக்க நோட்டுத் தொங்குகிறது. முதல் பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் ஐந்து வரி: எந்த எம்சிபியை அணைத்தால் ஸ்மார்ட் எல்லாம் நிற்கும், ரூட்டரை எப்படி அணைத்துப் போடுவது, மோட்டாரைக் கையால் ஓட்டும் சுவிட்ச் எது, வைஃபை பாஸ்வேர்டு, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனின் நம்பர். போன மாதம் ஹோம் அசிஸ்டன்ட் நின்றுபோனபோது அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தானே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பியிருக்கிறார். மறுநாள் காலைதான் எனக்குச் சொன்னார்.