பிடித்துக்கொண்ட செயின்சாவை மீட்பது: முதலில் காரணம், பிறகு பிஸ்டன்

செயின்சாவின் (மரம் அறுக்கும் மெஷினின்) ஸ்டார்ட்டர் கயிறு வரவில்லை, பிஸ்டன் சிலிண்டரில் சிக்கிப் பிடித்துக்கொண்டது என்றதும் பிஸ்டன் செட் வாங்க ஓடுபவர்கள்தான் அதிகம். புதுப் பிஸ்டன் போட்டு, இரண்டு டேங்க் பெட்ரோல் ஓட்டி, அதே இடத்தில் அதே கோடுகளோடு மறுபடி பிடித்துக்கொண்ட பிறகுதான் காரணத்தைத் தேடுவார்கள். அந்தத் தேடலை முதலிலேயே முடித்துவிட்டால் செலவும் வேலையும் பாதியாகும்.

கயிறு வராததற்கு இன்ஜின்தான் காரணம் என்றும் இல்லை. ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் சிக்கியிருக்கலாம். கிளட்ச் ஷூக்கள் துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ள, செயின் பிரேக் போட்ட நிலையிலேயே இருக்கலாம். கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் உள்ளே நிரம்பியிருக்கலாம். முதலில் பிரேக்கை விடுவித்துவிட்டு கிளட்ச் மூடியைக் கழற்றுங்கள். மூடிக்குள்ளேயே பிரேக் பட்டை உள்ள மாடல்களில், பிரேக் போட்ட நிலையில் கழற்றினால் திரும்ப மாட்டும்போது டிரம் உள்ளே நுழையாது. அடுத்து செயின், அது ஓடும் நீளத் தகடான பார், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் மூடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூடிக்கு அடியில் உள்ள சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கோளாறு வெளியே இருக்கிறது. சுற்றவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றுங்கள்.

எக்ஸாஸ்ட் துவாரம் சொல்லும் கதை

பிஸ்டன் மேலே ஏறி நின்றிருந்தால், டார்ச் அடித்துப் பார்க்கும்போது அதன் பக்கச்சுவர் துவாரத்தின் வழியே தெரியும். நல்ல பிஸ்டனில் கடைசலின் மெல்லிய கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும். கெட்டதில் அந்தக் கிடைக்கோடுகளை அழித்துக்கொண்டு செங்குத்துக் கோடுகள் ஓடும். அவை எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதுதான் முக்கியம்.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் இன்ஜின் காய்ந்திருக்கிறது. எங்கோ காற்று கசிகிறது, அல்லது கார்புரேட்டர் அடைத்திருக்கிறது. சுற்றிலும் நான்கு பக்கமும் கிழிந்து, அலுமினியம் உருகிப் பூசியதுபோல் இருந்தால், யாரோ ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள். இன்லெட் பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டரைத் தாண்டி மரத்தூளும் மண்ணும் உள்ளே போயிருக்கின்றன. பிஸ்டன் தலையில் பொடிப் பொடிக் குழிகள் இருந்தால் சர்க்லிப்போ (பிஸ்டன் பின்னைப் பிடித்து வைக்கும் கம்பி வளையம்) பேரிங் துண்டோ உள்ளே சுற்றி வந்திருக்கும். அப்படியானால் கிராங்க் சுற்றும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸைப் பிளக்காமல் வேலை முடியாது. கோடே இல்லாமல் பழுப்புத் துரு மட்டும் தெரிந்தால் அது நல்ல செய்தி. மெஷின் ஓடிக் கெடவில்லை, சும்மா கிடந்து ஈரத்தில் பிடித்திருக்கிறது.

துருவால் பிடித்ததை விடுவிக்க

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் (ATF) அசிட்டோனும் சம அளவு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்காது. ஊற்றும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். பிளக் துவாரம் மேலே பார்க்கும்படி மெஷினைச் சாய்த்து 20 மில்லி, எக்ஸாஸ்ட் வழியே கொஞ்சம். அசிட்டோன் பெயின்ட்டையும் சில பிளாஸ்டிக்குகளையும் தின்னும், சிந்தினால் உடனே துடையுங்கள். டீசலும் வேலை செய்யும், நாள் அதிகமாகும். இரண்டு நாள் முதல் ஒரு வாரம் விடுங்கள், தினமும் ஒருமுறை புதிதாக ஊற்றுங்கள். அசிட்டோன் உள்ளே இருக்கும்போது சூடு காட்டவே கூடாது.

பிறகு ஃப்ளைவீல் நட்டில் சாக்கெட் போட்டு, இறுக்கும் திசையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும். அங்கே நிறுத்தி, ஃப்ளைவீலைக் கையால் பின்னால் தள்ளி, மறுபடி எண்ணெய். முரட்டு பலம் கொடுத்தால் ஃப்ளைவீலைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகச் சாவி அறுந்துபோகும். அப்புறம் ஸ்பார்க் வரும் நேரம் மாறி, மெஷின் ஏன் உதைக்கிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். பிளக் துவாரத்தில் கம்பியை விட்டு பிஸ்டனை அடிக்கும் வித்தை ஒன்று உலவுகிறது. அதைச் செய்யாதீர்கள், பிஸ்டன் தலை மெல்லியது.

எதற்கும் மசியாவிட்டால் சிலிண்டரின் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டி சிலிண்டரை மேலே உருவுங்கள். தட்டு சிலிண்டரின் தடித்த அடிப்பாகத்தில் விழட்டும். குளிர்விக்கும் தகடுகள் பட்டால் உடைந்துவிடும். பல வீட்டு உபயோக மாடல்களில் இன்ஜின் முழுதாக வெளியே வந்து, அடியில் உள்ள பேரிங் மூடியைக் கழற்றினால்தான் பிஸ்டனும் கிராங்க்கும் பிரியும்.

இன்ஜின் சுற்றத் தொடங்கியதும் கிளட்சைக் கழற்றுங்கள். அது இடது மறை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஃப்ளைவீல் நட்டு வழக்கமான மறை. கிராங்க் சுற்றாமல் நிறுத்த பிளக் துவாரத்தில் நைலான் கயிற்றை மடித்து மடித்துத் திணிப்பார்கள். அதற்கு முன் பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் துவாரத்தை மூடிவிட்டதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கயிறு துவாரத்தில் நுழைந்து நறுக்குப்படும், ரிங்கும் உடையலாம்.

சிலிண்டரைக் காப்பாற்ற முடியுமா?

பிஸ்டன் போனால் போகட்டும். சிலிண்டர் பிழைத்தால் பாதி ஜெயம். உட்சுவரில் வெள்ளி நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிவதில் பெரும்பாலானது சிலிண்டரின் காயம் அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். அடியில் உள்ள குரோம் அல்லது நிக்காசில் (நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த) பூச்சு மிகக் கடினமானது. பல நேரம் அது பழுதின்றி இருக்கும்.

ஒட்டியது கொஞ்சம்தான் என்றால் 220 நம்பர் உப்புத்தாளை விரலில் சுற்றி, எண்ணெய் விட்டுக் குறுக்கு மறுக்காகத் தேயுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் எதுவும் கெடாது. அதிகம் என்றால், நிக்காசில் பூச்சுள்ள சிலிண்டருக்கு மட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோம் பூச்சையே அது அரித்துவிடும், அங்கே உப்புத்தாள்தான். பஞ்சுக் குச்சியில் தொட்டு, திட்டின் மேல் மட்டும் வையுங்கள். அலுமினியம் இருக்கும் வரை நுரைக்கும், அது தீர்ந்ததும் நுரை அடங்கிவிடும். துடைத்துவிட்டு மறுபடி. துவாரங்களின் விளிம்பில் பூச்சு முடிந்து வெறும் அலுமினியம் தொடங்குகிறது. அமிலம் அங்கே போனால் சிலிண்டரையே அரிக்கும். மெக்னீசிய கிராங்க்கேஸ் பக்கத்தில் அமிலத்தைக் கொண்டே போகாதீர்கள். சிலிண்டரைத் தனியாகக் கழற்றிய பிறகுதான் இந்த வேலை. திறந்தவெளி, கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். மற்ற கருவிகளைத் தள்ளி வையுங்கள், அமில ஆவி பட்டால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். முடிந்ததும் தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கரைசல் ஊற்றி, மறுபடி கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் தடவுங்கள்.

இப்போது நகத்தால் வருடுங்கள். நகம் எங்கும் தடுக்கக் கூடாது. பூச்சு உரிந்து அடியில் மங்கிய அலுமினியம் தெரிந்தால் அந்தச் சிலிண்டரை விட்டுவிடுங்கள். கல் வைத்த ஹோன் கருவியைத் துளையில் ஓட்டாதீர்கள். கல் துவார விளிம்பில் இடித்து, பூச்சைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும்.

ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளவிடுங்கள். 0.2 முதல் 0.5 மி.மீ. வரை நல்லது, 1 மி.மீ.யை நெருங்கினால் ரிங்கை மாற்றுங்கள். மாற்று நிறுவன சிலிண்டர் வாங்கினால் துவார விளிம்புகளைத் தடவிப் பாருங்கள். கத்திபோல் கூர்மையாக இருந்தால் நுண்ணிய கல்லால் லேசாக முனை மழுக்கிவிட்டு மாட்டுங்கள். அதோடு வரும் சர்க்லிப்புகளை நம்புவதைவிட ஒரிஜினல் சர்க்லிப் வாங்குவது மேல்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். சர்க்லிப்பின் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்க வேண்டும், பக்கவாட்டில் இருந்தால் ஓட்டத்தின் வேகத்தில் தெறிக்கலாம். மாட்டும்போது கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவையுங்கள். ரிங்கின் வாய், பள்ளத்தில் உள்ள சிறு முளையில் பொருந்தட்டும். ஆயில் தடவி, ரிங்கை விரலால் அழுத்திப் பிடித்து சிலிண்டரை நேராக இறக்குங்கள். இறக்கும்போது திருகினால் ரிங்கின் முனை துவாரத்துக்குள் எகிறி உடையும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கவும் இதுவே நேரம். செங்குத்து ஆட்டம் துளிகூட இருக்கக் கூடாது. பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருந்தால் இயல்பு. சுற்றும்போது கரகரத்தால் பேரிங்கில் துரு.

காற்றுக் கசிவு: இதைத் தவிர்த்தால் எல்லாம் வீண்

எக்ஸாஸ்ட் பக்கக் கோட்டுக்குப் பெரும்பாலும் பொறுப்பு கிராங்க் ஆயில் சீல், விரிசல்விட்ட இன்டேக் ரப்பர், இம்பல்ஸ் குழாய் (கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோவது), சிலிண்டர் அடி கேஸ்கட் ஆகியவையே. வருடக்கணக்கில் கிடந்த மெஷினில் சீலின் உதடு கல்லாகியிருக்கும். கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும்.

சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, எக்ஸாஸ்ட் துவாரத்துக்கும் சைலன்சருக்கும் நடுவே வைத்து இறுக்குங்கள். கார்புரேட்டர் வாயையும் அப்படியே மூடுங்கள். பிளக்கை மாட்டி, இம்பல்ஸ் துவாரம் வழியே கைப்பம்பால் 0.5 பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றுங்கள். பிஸ்டன் கீழே இருக்கட்டும். அரை நிமிடம் முள் ஏறக்குறைய அங்கேயே நின்றால் சரி. இறங்கினால் சோப்பு நீர் தெளியுங்கள்; குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. இதோடு நிறுத்தாமல் வெற்றிடமும் இழுத்துப் பாருங்கள். சீலின் உதடு உள்பக்க அழுத்தத்தில் தானாகத் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். வெற்றிடத்தில்தான் அதன் உண்மை நிலை தெரியும். கிராங்கை மெதுவாகச் சுற்றியபடியே கவனியுங்கள், சில சீல்கள் ஒரு கோணத்தில் மட்டும் கசியும்.

கார்புரேட்டரும் பெட்ரோல் வழியும்

பெட்ரோல் குழாயை வளைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்தாலோ மாற்றிவிடுங்கள். டேங்க் ஃபில்டர் எப்படியும் புதிது. கார்புரேட்டரின் உடலில் மாடல் எண் பொறித்திருக்கும், ரிப்பேர் கிட் அதைக்கொண்டு வாங்க வேண்டும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு படிக்கும் போட்டோ எடுங்கள். பெட்ரோலை அளந்து விடும் அறைப் பக்கத்தில் கேஸ்கட் முதலில், டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) அதன் மேல். பம்ப் பக்கத்தில் பெரும்பாலும் இது தலைகீழ். பம்ப் பக்கம் நகக்கண் அளவு வலை ஒன்று இருக்கும், கார்புரேட்டர் சுத்தம் செய்தும் மெஷின் திணறினால் முக்கால்வாசி அதை மறந்திருப்பீர்கள். பழைய டயாஃப்ரத்தைக் காதருகே வைத்து விரலால் சுண்டுங்கள். காகிதம்போல் மடமடத்தால் ஆயுள் முடிந்தது. துளைகளில் கம்பி விடாமல் கிளீனரும் காற்றும் மட்டும் போதும். கம்பி துளையின் அளவையே மாற்றிவிடும். மூடிய பிறகு பெட்ரோல் வாயில் 0.5 பார் காற்றழுத்தம் கொடுங்கள், ஊசி கசியாமல் பிடிக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

ஃப்ளைவீல் காந்தத்தையும், ஸ்பார்க் தரும் காயிலின் கால்களையும் உப்புத்தாளால் துரு நீக்கி, நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வையுங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. ஸ்பார்க் வராவிட்டால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். மிகப் பழைய மெஷின்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் பாயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) இருக்கும். அவற்றில் பலவற்றுக்குச் செயின் பிரேக்கே கிடையாது. ஓட வைத்து ரசிக்கலாம், மரம் அறுக்கப் பயன்படுத்த வேண்டாம்.

செயின் ஆயில் டேங்கில் பழைய எண்ணெய் கோந்தாகியிருக்கும், மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குலுக்கிக் கொட்டுங்கள். பாரின் பள்ளத்தையும் எண்ணெய்த் துளையையும் சுரண்டி, ஓரங்களில் எழும்பிய பிசிறை அரத்தால் தட்டையாக்குங்கள். செயினைச் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 0.5 மி.மீ.க்கு மேல் குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். துருவேறி இணைப்புகள் மடங்காத செயினை மீட்க நினைக்காதீர்கள், அறுந்தால் உயிருக்கு ஆபத்து.

முதல் ஓட்டம்

புதுப் பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 25 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 40:1. நான்கைந்து டேங்க் ஓடிய பிறகு, தயாரிப்பாளர் சொல்லும் அளவு 50:1 என்றால் 20 மில்லிக்கு இறங்கலாம். கார்புரேட்டரில் உள்ள எச் (அதிவேகக் கலவை), எல் (குறைவேகக் கலவை) திருகுகள் இரண்டையும் மெதுவாக முழுதும் மூடி, ஒவ்வொரு சுற்று திறந்து தொடங்குங்கள். கணினி கட்டுப்படுத்தும் மாடல்களில் இந்தத் திருகுகள் இருக்காது.

சூடானதும் எல் திருகைச் சரிசெய்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் தயங்காமல் ஏறும்படி வையுங்கள். ஐடிலில் செயின் நகரக் கூடாது. எச் திருகு காதுக்கான வேலை. சுமையின்றி முழு ஆக்ஸிலரேட்டரில் ஒலி சுத்தமான ஊளையாக இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, உடனே கொஞ்சம் திறங்கள். லேசாகக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து தெளிந்தால் அதுதான் இடம். விட்டதும் வேகம் இறங்காமல் தொங்கினால் எங்கோ காற்று கசிகிறது, மெஷினை நிறுத்துங்கள். புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் முதல் சில டேங்குகளுக்கு வெறுமனே முழு வேகத்தில் அலறவிடாமல், மரத்தில் வைத்து வேலை வாங்குங்கள்.

முதல் டேங்க் தீர்ந்து இன்ஜின் ஆறியதும் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து அதே பிஸ்டன் சுவரைப் பாருங்கள். கிடைக்கோடுகள் அப்படியே இருந்தால் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு அடுத்த டேங்க் ஊற்றலாம்.