சிந்தெட்டிக் ஊற்றினால் எஞ்சின் ஒழுகுமா?

செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வொர்க்‌ஷாப்பில் போன வாரம் ஒரு பழைய புரோட்டோன் சாகா நின்றது. மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்ற வந்தவர் ஃபுல்லி சிந்தெட்டிக், அதாவது செயற்கை எண்ணெய் கேட்டார். "வேணாம் அண்ணே, அதைப் போட்டா சீல் எல்லாம் ஒழுக ஆரம்பிச்சிடும்" என்றார் மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே நான் கேட்டுவரும் பேச்சு இது. ஒரு காலத்தில் இது உண்மையும்கூட. அந்தக் காலம் போய்ப் பல வருடமாகிவிட்டது என்பதை மறப்பதுதான் முதல் தவறு.

இந்த எண்ணெய் காருக்காகப் பிறந்தது இல்லை. 1930களிலேயே ஜெர்மனியில் ஹெர்மன் சோர்ன் போன்ற வேதியியலாளர்கள் எஸ்டர் என்ற செயற்கை வகை எண்ணெய்களை ஆராய்ந்தார்கள். பிறகு ஜெட் எஞ்சின் வந்தது. உறைய வைக்கும் குளிரையும் டர்பைன் சூட்டையும் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண மினரல் எண்ணெய் தாங்கவில்லை, எஸ்டர் தாங்கியது. அதை விமானத்தில் கண்கூடாகப் பார்த்த அமெரிக்கப் போர் விமானி ஆல்பர்ட் அமாட்டூஸியோ, காருக்கும் அப்படி ஓர் எண்ணெய் வேண்டும் என்று முனைந்து, 1972-இல் ஆம்சாயில் என்ற எண்ணெயைக் கொண்டுவந்தார். 1970களின் நடுவில் மொபில் நிறுவனத்தின் மொபில் 1 வந்தது.

சரி, ஒழுகல் எங்கிருந்து வந்தது? மொபில் 1-இன் அடிப்படை பிஏஓ என்ற செயற்கை எண்ணெய். அது தனியாக இருந்தால், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலைச் சுருக்கும். எஸ்டர் நேர்மாறு, சீலை உப்ப வைக்கும். இரண்டையும் சரியான அளவில் கலந்து, சீல் ரப்பரும் மேம்பட்ட பிறகு அந்தத் தொல்லை அடங்கியது. அதோடு, ஆரம்ப மொபில் 1 அன்றைய கார்கள் பழகியிராத மெல்லிய 5W-20 தடிமன். தேய்ந்த எஞ்சினில் அது இடுக்கு கண்ட பக்கமெல்லாம் கசிந்தது. எண்ணெய்க்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது.

அந்தச் சாகாவின் வால்வ் கவரைக் கழற்றியபோது நானும் எட்டிப் பார்த்தேன். கேஸ்கட் அப்பளம் மாதிரி விரலிலேயே உடைந்தது. எந்த எண்ணெய் ஊற்றினாலும் அது ஒழுகத்தான் செய்யும். சிந்தெட்டிக்குக்கு மாறும் முன் கேஸ்கட், சீல் இரண்டையும் பாருங்கள், கசிவு இருந்தால் முதலில் மாற்றுங்கள்.

பயத்துக்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அந்த ஆரம்ப வருடங்களில் 25,000 மைல், அதாவது சுமார் 40,000 கிலோமீட்டர் வரை மாற்றவே வேண்டாம் என்று விளம்பரம் செய்தார்கள். அதன் எதிரொலியாக "சிந்தெட்டிக்தானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் ஊர் நெரிசலில் கார் நகராமல் நிற்கும் நேரத்தை கிலோமீட்டர் கணக்கு காட்டாது, எண்ணெய்க்குத் தெரியும். கார் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றிவிடுங்கள். தடிமனையும் கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள்.

டின்னில் 'ஃபுல்லி சிந்தெட்டிக்' என்றிருந்தால் எல்லாம் ஒரே பொருள் என்று நினைக்காதீர்கள். கச்சா எண்ணெயை ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெயையும் சிந்தெட்டிக் என்று விற்கலாமா என்று மொபிலும் காஸ்ட்ரால் நிறுவனமும் மோதின. 1999-இல் அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு விற்கலாம் என்ற காஸ்ட்ரால் பக்கம் நின்றது. குரூப் 3 மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன், பெட்ரோனாஸ் மலாக்காவிலேயே அதைத் தயாரிக்கிறது. ஆனால் விலையை ஒப்பிடும்போது அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கையேடு கேட்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரம் டின்னில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மினரலோடு சிந்தெட்டிக்கைக் கலந்தால் எஞ்சின் போய்விடும் என்ற பயம். ஏபிஐ தரம் பெற்ற எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கும். தீபாவளிக்குப் பினாங்கு போகும் வழியில், தாப்பா ஓய்விடத்தில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், கிடைக்கிற மினரலை அதே தடிமனில் வாங்கி ஊற்றுங்கள். நீங்கள் வாங்கிய சிந்தெட்டிக்கின் பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்; எண்ணெய் குறைந்த நிலையிலேயே பட்டர்வொர்த் வரை ஓட்டினால் பேரிங் தேய்ந்துவிடும்.