சீட் ஃப்ரேஸை வாஷரில் அடித்து வைப்பது எப்படி

பிட்காயின் மாதிரி கிரிப்டோ காசுக்கான வாலட் தொடங்கும்போது வந்த 12 அல்லது 24 வார்த்தைகளை, அதாவது சீட் ஃப்ரேஸை, பேப்பரில் எழுதி பீரோவில் வைத்திருப்பீர்கள். வாலட் தொலைந்தாலோ கெட்டாலோ காசை மீட்க அந்த வார்த்தைகள்தான் சாவி, நேராக வேலைக்குப் போவோம். மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் பேப்பரை ஸ்டீலுக்கு மாற்ற வேண்டும். லேமினேட் செய்தால் போதாதா என்றால், போதாது: ஓரம் பிரிந்தால் தண்ணீர் உள்ளே போகும், தீ பட்டால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து போகும்.

304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர், எம்10 அளவில் (10 மி.மீ. போல்ட்டுக்கானது), வார்த்தைக்கு ஒன்று வாங்குங்கள், கெட்டுப்போனால் மாற்ற நாலைந்து கூடுதலாக. அதே கிரேடில் போல்ட்டும் நட்டும் (12 வாஷருக்கு 40 மி.மீ., 24-க்கு 70 மி.மீ. நீளம் சரியாக வரும்), சுத்தியலால் அடித்து உலோகத்தில் பதிக்கிற 3 மி.மீ. ஆங்கில எழுத்துப் பஞ்ச் செட், எண் பஞ்ச் செட், கனமான சுத்தியல். கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வாஷர் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும், அது துருப்பிடிக்கிற சரக்கு. அலுமினியத் தகட்டில் அடிப்பது சுலபம்தான், ஆனால் அது 660 டிகிரியிலேயே உருகிவிடும், வீட்டுத் தீ அதைத் தாண்டிப் போகக்கூடியது. 304 உருக 1400 டிகிரி வேண்டும். சீட் ஃப்ரேஸ் வைக்கவென்றே ரெடிமேடாக விற்கிற ஸ்டீல் கேப்சூல்களும் நல்லவைதான், எனக்கு அந்த விலை நியாயமாகப் படவில்லை.

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலையாச்சே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம், அந்த வார்த்தைகளைப் பார்த்தவர் யாரானாலும் காசை எடுத்துவிடலாம்.

இப்போது அடிக்கிற வேலை. முழு வார்த்தை தேவையில்லை, முதல் நான்கு எழுத்து போதும்: வாலட்கள் வார்த்தை எடுக்கிற பிஐபி39 என்ற பொதுப் பட்டியலின் 2048 ஆங்கில வார்த்தைகளில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. எனக்கு நேரம் பிடித்தது வேறொரு இடத்தில்: வாஷர் வட்டமானது, அதற்கு மேல் கீழ் கிடையாது. எழுத்துகளை இஷ்டத்துக்கு அடித்தால் எம் எது டபிள்யூ எது, வார்த்தை எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் புரியாது. அதனால் எல்லா எழுத்துக்கும் அடிப்பக்கம் நடு ஓட்டையைப் பார்த்து இருக்கட்டும், முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளி குத்துங்கள். ‘ஆக்ட்’ மாதிரி மூன்றே எழுத்து வார்த்தையானால் நான்காவது இடத்தில் ஒரு கோடு, இல்லாவிட்டால் பின்னால் ‘ஆக்டர்’, ‘ஆக்‌ஷன்’ என்று குழம்புவீர்கள். பின்பக்கம் வரிசை எண் அவசியம், வரிசை மாறினால் வாலட் திறக்காது. அடியில் தண்டவாளத் துண்டு போல கனமான இரும்பு வையுங்கள், மர மேஜையில் அடித்தால் பஞ்ச் துள்ளி எழுத்து இரட்டையாக விழும். ஓங்கி ஒரே அடி. கடைசியில் எல்லாவற்றையும் போல்ட்டில் கோத்து நட்டைக் கையால் மட்டும் முறுக்குங்கள், ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ஸ்டெயின்லெஸ் மரை ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு கழற்றவே வராது.

அப்புறம் சோதனை. பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு வாஷரை மட்டும் பார்த்து, ஹார்டுவேர் வாலட்டில் (சாவியைத் தனியாக வைத்திருக்கிற சின்னக் கருவி) இருக்கும் பேக்கப் சரிபார்ப்பு வசதியில் வார்த்தைகளைக் கொடுங்கள். ஃபோனிலோ லேப்டாப்பிலோ டைப் செய்ய வேண்டாம்.

இதே போல இன்னொரு பிரதி செய்து வேறு ஊரில் வையுங்கள். வேளச்சேரியில் ஒன்று, முடிச்சூரில் ஒன்று என்றால் இரண்டும் ஒரே வெள்ளத்தில் மாட்டும், 2015-இலும் 2023-இலும் இரண்டு இடத்திலும் தண்ணீர் நின்றது. சொந்த ஊரில் வைத்தேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது: 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது, இரண்டே வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி தூத்துக்குடி மாவட்டம் மிதந்தது. என் ஓட்டு கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் மேட்டில் இருக்கிற வீட்டுக்கு, அங்கேயும் தரைத்தளம் வேண்டாம்.

பிற்சேர்க்கை: ஆளுக்குப் பாதி வார்த்தையாகப் பிரித்து வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, ஒரு பாதி போனால் மொத்தமும் போச்சு. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் திறக்கிற ஷமீர் பேக்கப் இருக்கிறது, ட்ரெஸர் மாதிரி சில வாலட்களில் கிடைக்கும்.

பேங்க் லாக்கர் பற்றியும் கேள்வி வந்தது. 2022 ஜனவரி முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிவது போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான், வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி இயற்கைப் பேரிடருக்குப் பொறுப்பே கிடையாது. இரண்டாவது பிரதியை அங்கே வையுங்கள், ஒரே பிரதியை வைக்காதீர்கள்.