புது ரயில் அட்டவணை வந்தால் முந்தின ரயிலைப் பாருங்கள்

புது நேர அட்டவணை வெளியானதும் பெரும்பாலோர் தாங்கள் ஏறும் ரயிலை மட்டும் தேடுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அது அமலுக்கு வந்த முதல் திங்கட்கிழமை காலையில், கால் வைக்க இடமில்லாமல் நிற்கும்போது, "இன்றைக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?" என்று கேட்கிறார்கள். பல நேரங்களில் அதற்கான காரணம் அந்த அட்டவணையிலேயே, அவர்களுடைய ரயிலுக்கு ஒரு வரி மேலே இருந்திருக்கும்.

நான் தினமும் வேலைக்குப் போய் வருவது வட்டார ரயிலில். ஏறுவது பாதையின் நடுவில் இருக்கும் ஒரு நிலையத்தில். ரயில் அங்கே வரும்போதே பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். எங்கள் பயணிகள் சங்கத்தில், அட்டவணை மாறும்போதெல்லாம் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அதில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். எந்த நாட்டு ரயிலானாலும் இதே கணக்குதான்.

இடைவெளிக் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு. பழைய அட்டவணையில் உங்கள் நிலையத்திலிருந்து 7:10, 7:30, 7:50, 8:10 என்று நான்கு ரயில்கள். நீங்கள் 7:50-ல் போகிறவர். புது அட்டவணையில் அவை 7:10, 7:22, 7:52, 8:10 என்று ஆகின்றன. உங்கள் ரயில் இரண்டு நிமிடம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் போகும் ரயில் எட்டு நிமிடம் முந்திக்கொண்டதால், இடைவெளி 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் ஆகிவிட்டது. நடைமேடைக்கு நிமிடத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், முன்பு 200 பேர் ஏறிய ரயிலில் இனி 300 பேர் ஏறுவார்கள். பாதையில் இருக்கும் எல்லா நிலையங்களிலும் இதே விகிதத்தில் கூடும். பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும்.

அதே நேரத்தில் 7:22 ரயிலைப் பாருங்கள். அதற்கு முந்தின இடைவெளி வெறும் 12 நிமிடம், 120 பேர்தான். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முடிந்தவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும் ரயில் அதுதான். 8:10 ரயிலும் பழையபடிதான் இருக்கும், கொஞ்சம் குறையக்கூட வாய்ப்புண்டு.

நிஜத்தில் மக்கள் இப்படி ஒரே சீராக வருவதில்லை. பள்ளி மணி, அலுவலக நேரம், ஷிப்ட் மாற்றம் எல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ரயிலை எல்லோரும் நம்பும் ரயிலாக ஆக்கிவிடுகின்றன. ஒன்பது மணி வேலைக்குச் சரியாகப் போய்ச்சேரும் ரயிலுக்கு முன்னால் இடைவெளி கூடினால், நெரிசல் இந்தக் கணக்கைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஆகவே அந்த ரயிலை முதலில் கண்டுபிடியுங்கள்.

செய்வது எளிது. ஒரு தாளில் உங்கள் நிலையத்துக்குக் காலை இரண்டு மணி நேரத்தில் வரும் எல்லா ரயில்களையும் வரிசையாக எழுதுங்கள், பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே முந்தின ரயிலுக்கும் அதற்கும் உள்ள நிமிடங்களைக் குறியுங்கள். எங்கே எண் பெரிதாகியிருக்கிறதோ அங்கே கூட்டம். மாலைக்கும் இதேபோல் செய்ய வேண்டும், ஆனால் வீட்டு நிலையத்தை வைத்து அல்ல, வேலையிடத்துக்குப் பக்கத்து நிலையத்தை வைத்து. பலரும் காலையை மட்டும் பார்த்துவிட்டு, கடைசி ரயில் முன்னால் வந்துவிட்டதை இரவு நடைமேடையில் நின்றுகொண்டு தெரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் கவனிக்க வேண்டியவை

ரயில் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் புறப்பட்டுக்கொண்டிருந்த ரயிலை இன்னும் தொலைவிலிருந்து கிளம்பும்படி நீட்டித்திருக்கலாம். நீட்டிப்பு என்று அறிவிக்கும்போது அது நல்ல செய்தியாகத்தான் ஒலிக்கும், தொலைவில் இருப்பவர்களுக்கு நிச்சயம் நல்லதுதான். ஆனால் நடுவில் ஏறுகிறவர்களுக்குக் காலியாக வந்த ரயில் இனி நிறைந்து வரும். நீண்ட பாதையின் தாமதமும் கூடவே வரும்.

நிற்கும் இடங்களும் மாறும். முன்பு சில நிலையங்களைத் தாண்டிப் போன ரயில் இனி எல்லா இடத்திலும் நின்றால், பயண நேரத்தோடு கூட்டமும் கூடும். உங்கள் ரயில் அப்படியே இருந்தாலும், பக்கத்து ரயில் ஒரு பெரிய நிலையத்தில் நிற்காமல் போகத் தொடங்கினால், அங்கே இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் உங்கள் பெட்டிக்கு வருவார்கள்.

சின்ன எழுத்துக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். "பள்ளி நாட்களில் மட்டும்", "சனிக்கிழமை தவிர", "இந்தத் தேதி வரை மட்டும்" என்பவை அடியில் பொடியாக இருக்கும். பேருந்து மாறிப் போகிறவர்கள் பேருந்து அட்டவணையும் அதே நாளில் மாறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். நான் பார்த்தவரை அது அதே நாளில் மாறுவது அபூர்வம்.

எப்போது மாறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் டிசம்பரின் இரண்டாவது சனிக்கிழமை நள்ளிரவில் ஆண்டு அட்டவணை மாறுகிறது, ஜூனில் சின்னத் திருத்தம் வரும். பிரிட்டனில் மே, டிசம்பர் என இரண்டு முறை. உங்கள் நாட்டில் எந்த மாதம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது பின்னால் மனு எழுதும்போது மிகவும் உதவும்.

முதல் சில வாரங்கள்

முதல் வாரத்துக் கூட்டத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பயணிகள் தங்களுக்குத் தோதான ரயிலைத் தேடி இடம் மாறிக்கொண்டிருப்பார்கள், இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நிலைக்கு வரும். ரயில்வே தரப்பிலும் அதே நிலைதான். பிரிட்டனில் 2018 மே 20-ல் வந்த பெரிய மாற்றம் இதற்குக் கடுமையான பாடம். அட்டவணை தாமதமாக முடிவானது, ஓட்டுநர்கள் பலருக்குப் புதுத் தடங்களில் பயிற்சி முடியவில்லை. வாரக்கணக்கில் தினமும் நூற்றுக்கணக்கான ரயில்கள் ரத்தாயின. அதனால் பெரிய மாற்றம் வரும் வாரத்தில் தேர்வு, நேர்காணல், மருத்துவர் சந்திப்பு இருந்தால் ஒரு ரயில் முன்னதாகப் போய்விடுங்கள்.

அட்டவணை மாறாமலே கூட்டம் மட்டும் மாறுவதும் உண்டு. ஜெர்மனியில் 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மாதம் ஒன்பது யூரோவுக்கு எல்லா வட்டார ரயில்களிலும் போகலாம் என்று சீட்டு கொடுத்தபோது, சுற்றுலாத் தடங்களில் வார இறுதி ரயில்கள் நிரம்பி வழிந்தன. கட்டணச் செய்திகளையும் அட்டவணைச் செய்தியாகவே படியுங்கள்.

பெட்டியில் இடம் கிடைக்க

ஒரே ரயிலில் ஒரு பெட்டி பிதுங்கும், இன்னொன்றில் ஆட்கள் உட்கார்ந்து போவார்கள். காரணம் படிக்கட்டுகள். ஏறும் நிலையத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டியில் அவசரமாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறுவார்கள். போய்ச்சேரும் பெரிய நிலையத்தில் வெளியேறும் வழிக்கு நேரே நிற்கும் பெட்டியில், சீக்கிரம் வெளியே போக நினைப்பவர்கள் ஏறுவார்கள். இந்த இரண்டிலிருந்தும் தள்ளி இருக்கும் பெட்டிதான் உங்களுடையது. வண்டி வருவதற்கு முன்பே நடைமேடையில் அங்கே போய் நின்றுவிட வேண்டும். பெட்டி குறைவாக உள்ள ரயில் நடைமேடையின் எந்தப் பகுதியில் நிற்கும் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசி நொடியில் ஓட வேண்டிவரும்.

ஏறியதும் வாசலில் நிற்காதீர்கள். வாசலில் நெருக்கிக்கொண்டிருக்கும் பெட்டியில்கூட இருக்கைகளுக்கு நடுவே இடம் இருக்கும். முதுகுப் பையைக் கழற்றிக் கால்களுக்கு நடுவில் வைத்தால் இன்னொருவர் நிற்கலாம். இறங்குகிறவர்களுக்கு முதலில் வழி விடுவதும் வெறும் மரியாதை மட்டுமல்ல. ஒவ்வொரு நிலையத்திலும் அரை நிமிடம் கூடுதலாக நின்றால், பத்து நிலையத்தில் ஐந்து நிமிடத் தாமதம்.

அந்தத் தாமதம் பெருகும் விதம் தெரிந்தால் ஒரு நல்ல முடிவு எடுக்கலாம். ஒரு ரயில் தாமதமானால் ஒவ்வொரு நிலையத்திலும் அதற்குக் காத்திருப்பவர்கள் கூடிவிடுவார்கள். அவர்கள் ஏற நேரமாகும், இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் ரயிலோ ஆட்கள் குறைவாக, சீக்கிரமாக அதை நெருங்கி வரும். ஆகவே உங்கள் ரயில் மிகவும் தாமதமாகப் பிதுங்கி வந்து, அடுத்தது ஐந்து நிமிடத்தில் வருகிறது என்று பலகை காட்டினால், விட்டுவிடுங்கள். அடுத்ததில் மூச்சு விட்டுப் போகலாம். குழந்தையோடு போகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். வாசலில் தொங்கிக்கொண்டு போவது எந்த வேலைக்காகவும் வேண்டாம்.

வேலையிடத்திலும் பேசிப் பாருங்கள். அரை மணி நேரம் முன்பின்னாக வர அனுமதி கிடைத்தால் கூட்டத்தின் உச்சத்தைத் தவிர்த்துவிடலாம். இதன் பலன் பெரிது என்பதால்தான் மெல்போர்னில் 2008 முதல் காலை ஏழு மணிக்கு முன் பயணத்தை முடிப்பவர்களுக்கு ரயில் இலவசமாக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் 2013-ல் நகர மையத்து நிலையங்களுக்கு அப்படிச் செய்து பார்த்தார்கள். அதிகாரியிடம் பேசும்போது "ரயில் கூட்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த ரயிலில் வந்தால் எத்தனை மணிக்கு வருவேன், எத்தனை மணிக்குக் கிளம்புவேன் என்று எழுதியே கொடுங்கள்.

மனு எழுதுவது

இதில்தான் பயணிகள் மிகவும் சோர்ந்து போகிறார்கள். கோபமாக எழுதுகிறார்கள், "வருந்துகிறோம், கவனிக்கிறோம்" என்று பதில் வருகிறது. "கூட்டம் தாங்க முடியவில்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு அட்டவணை போடுகிறவரால் எதையும் செய்ய முடியாது. அவருக்கு எண்கள் வேண்டும்.

புது அட்டவணையின் முதல் நாளிலிருந்தே குறிக்கத் தொடங்குங்கள்: தேதி, ரயில் எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம், எத்தனை பெட்டிகள், ஏற முடியாமல் நடைமேடையில் நின்றவர்கள் எத்தனை பேர். கூட்டத்தின் அளவைச் சொல்ல ஜப்பானில் ஒரு நல்ல முறை இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கையோ, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ, வாசல் கம்பியோ கிடைத்தால் அது 100 சதவீதம். நின்றபடி செய்தித்தாளை விரித்துப் படிக்க முடிந்தால் 150. மடித்துச் சிரமப்பட்டுத்தான் படிக்க முடியுமென்றால் 180. உடலோடு உடல் அழுத்தினால் 200. வண்டி ஆடும்போது சாய்ந்து, கையைக்கூட அசைக்க முடியாவிட்டால் 250. கருவி ஏதும் வேண்டாம், நின்றபடியே மதிப்பிடலாம். நாலைந்து பேர் வெவ்வேறு நிலையத்திலிருந்து இப்படிக் குறித்தால் அதை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

பிறகு ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நான் கேட்பது: "7:22 ரயிலை 7:30-க்குத் திருப்புங்கள்." கூடுதல் ரயில் வேண்டியதில்லை, கூடுதல் பெட்டி வேண்டியதில்லை, இடைவெளி மட்டும் சீரானால் போதும். சுவிட்சர்லாந்தில் 1982-ல் நாடு முழுவதும் மணிக்கு மணி ஒரே நிமிடத்தில் ரயில் வரும்படி அட்டவணையைச் சீராக்கினார்கள். இணைப்பு ரயில்களும் அதனால் ஒழுங்காயின. சீரான இடைவெளிதான் கூட்டத்தைக் குறைக்க மலிவான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

அவர்கள் மறுக்கவும் காரணங்கள் இருக்கும், அவற்றையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஒற்றைப் பாதையாக இருந்தால் எதிரே வரும் ரயில் கடக்கும் நிலையத்தை வைத்தே நேரம் அமையும், எட்டு நிமிடம் நகர்த்தினால் எதிர்த் திசை ரயிலும் நகர வேண்டும். விரைவு ரயிலோ சரக்கு ரயிலோ அதே தண்டவாளத்தில் பின்னால் வந்துகொண்டிருக்கலாம். 12 பெட்டியை 15 ஆக்கினால் இடம் கால் பங்கு கூடும், ஆனால் நடைமேடை நீளமாக இருக்க வேண்டும். அதனால் "7:22 வேண்டாம், 7:30 வேண்டும், முடியாவிட்டால் 7:27 ஆவது" என்று இரண்டாவது வழியையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். ரயிலை ஓட்டுவது ஒரு நிறுவனம், தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று, எத்தனை ரயில் ஓட வேண்டும் என்று பணம் கொடுத்து முடிவெடுப்பது அரசு என்பதாகப் பல நாடுகளில் இருக்கிறது. மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, யார் யாருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். காலமும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் டிசம்பர் அட்டவணைக்கான தட விண்ணப்பங்கள், அதாவது எந்த நேரத்தில் எந்தப் பாதையில் ரயில் ஓட்ட இடம் வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்பவை, ஏப்ரலிலேயே கொடுக்கப்பட்டுவிடும், நவம்பரில் எழுதும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் ஆகும். எங்கிருந்தாலும் வரைவு அட்டவணை கருத்துக்கேட்புக்கு வரும் மாதத்தைப் பிடியுங்கள், அப்போது எழுதும் ஒரு பக்கம் பிறகு எழுதும் பத்துப் பக்கத்தைவிட வேலை செய்யும்.

பதில் வந்ததும் அதன் கடித எண்ணைக் குறித்து வையுங்கள். முடியாது என்று சொல்லியிருந்தால், அந்த ரயிலில் அவர்கள் எடுத்த பயணிகள் எண்ணிக்கை என்ன, எந்த நாளில் எடுத்தார்கள் என்று அந்த எண்ணைக் குறிப்பிட்டே திரும்பக் கேளுங்கள். பள்ளி விடுமுறை வாரத்தில் எண்ணியிருந்தால் அது உங்கள் ரயிலின் எண்ணிக்கை ஆகாது, மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த வரைவு வரும்வரை பழைய அட்டவணை, உங்கள் குறிப்புகள், அவர்களுடைய பதில் மூன்றையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.