விழுந்ததும் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள்: டிரபீஸ் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கஸ் டிரபீஸில், அதாவது உயரத்தில் கட்டிய ஊஞ்சலாட்டத்தில், அந்தரத்தில் பாய்கிறவர், எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவரைப் பிடிக்க வேண்டிய கேட்சரின் கையைத் தவறவிட்டால் கூடாரம் முதலில் 'ஐயோ' என்று பதறும். அவர் வலையில் பந்து மாதிரி எம்பிக் குதித்ததும் சிரித்துவிடும். அந்தச் சிரிப்பில் குற்றமில்லை. நம்மூர் சர்க்கஸ்களில் கேட்சர் கையில் கால்சட்டையை விட்டுவிட்டு ஜோக்கர் விழும் கட்டத்துக்காகத்தான் குழந்தைகள் காத்திருப்பார்கள். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டதும் கூச்சத்தில் புதியவர்கள் செய்கிற அடுத்த காரியம் இருக்கிறதே, அதுதான் எலும்பை முறிக்கிறது. முன்னால் ஏறியவர்கள் செய்த அதே பிழைகளை இன்று ஏறுகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். கைக்குப் பொடி பூசுவது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாமல் இருப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

காலில் இறங்குவது

இதை எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. பிடி தவறியதும், 'விழவில்லை, நானே குதித்தேன்' என்று காட்ட ஆசைப்பட்டு இரண்டு காலையும் கீழே நீட்டுகிறார்கள்.

வலை மெத்தை அல்ல. மெத்தை அடியை வாங்கிக்கொள்ளும். வலை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். காலில் இறங்கினால் உடம்பின் மொத்த எடையும் இரண்டு பாதங்களில் விழுகிறது. பாதம் கண்ணிக்குள் நுழைந்தால் கணுக்கால் திருகிக்கொள்ளும். முழங்கால் மடங்கி மேலே வந்து தாடையில் இடிக்கும். பல்லும் மூக்கும் போவது இப்படித்தான். அதையும் தாண்டிவிட்டால் வலை உங்களை எந்தப் பக்கம் எறியும் என்று சொல்ல முடியாது. முதல் எம்பலைவிட இரண்டாவதுதான் ஆபத்து. ஓரத்துக்கு வெளியே போகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் போகிறார்கள்.

முதுகில் விழுங்கள். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை ஒரே நேரத்தில் வலையைத் தொட வேண்டும். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், இல்லாவிட்டால் தலை பின்னால் வெட்டி இழுக்கும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, முழங்கை கழன்றுவிடும். நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் சற்றுத் தூக்கினாற்போல் இருக்கட்டும். குப்புறப் போகிறீர்கள் என்றால் தலையை உள்ளே வாங்கிப் பாதிக் குட்டிக்கரணம் அடித்தால் முதுகு கீழே வந்துவிடும். விழுந்தபின் இரண்டு மூன்று எம்பல் வரும். வலை அடங்கும்வரை அப்படியே கிடங்கள். கூட்டம் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். முதலில் ஆடாத பாரில், அதாவது ஊஞ்சல் கட்டையில், தொங்கி, காலை உயர்த்தி, கைவிட்டு விழுங்கள். அடுத்து சின்ன ஆட்டத்தில். அதன்பிறகு முன்பக்க உச்சியில், கடைசியாகப் பாதிக் கரணத்தோடு. விழத் தெரியாத பிள்ளையைக் கேட்சரிடம் பாய அனுப்புகிற பயிற்சியாளரை மன்னிக்கவே முடியாது.

ஜோக்கரைக் கவனியுங்கள். கையைக் காலை உதறி அலறிக்கொண்டு வருவார். வலையைத் தொடும் கணத்தில் மோவாய் நெஞ்சில் இருக்கும், முதுகு தட்டையாக இருக்கும்.

கேட்சரைப் பிடிக்கப் போவது

பாய்கிறவர் வேலை கையை நீட்டி வைப்பது. பிடிப்பது கேட்சர் வேலை. இருவரும் சேர்ந்து எட்டிப் பிடித்தால் விரலோடு விரல் மோதும், கட்டைவிரல் பிசகும். மணிக்கட்டோடு மணிக்கட்டுதான் பிடி, விரல் அல்ல. கேட்சரின் ஊஞ்சல் உச்சியில் ஒரு நொடி நின்றாற்போல் திரும்பும். கேட்சரின் குரல் வந்ததும் பாரை விட்டால்தான் அந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். 'இன்னும் கொஞ்சம் உயரம்' என்று தாமதித்தால், கை நீட்டியபடி திரும்பிப் போகும் கேட்சரைப் பார்த்துக்கொண்டே வலைக்குப் போவீர்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

புது உடையை மேடையிலேயே முதன்முறை போடுவது

மணிக்கட்டருகே சம்கி இருந்தால் கேட்சரின் உள்ளங்கை கிழியும், பிடி வழுக்கும். முதுகில் ஜிப் இருந்தால் வலையில் விழும்போது தோலில் பதியும். தொடை இடுக்குத் தையல் பிரிவது எல்லாக் கூடாரத்திலும் நடக்கிற கூத்து. பிரிந்ததும் ஒரு கையால் மூடப் பார்ப்பார்கள். ஒரு கையில் தொங்கும் உடம்பு திருகிக்கொள்ளும். உள்ளே அதே நிறத்தில் இன்னொரு கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முழு ஒத்திகையையும் அந்த உடையிலேயே ஆடுங்கள்.

மோதிரம், வளையல்

கழற்றுங்கள்.

மழை நாளில் வலையைப் பார்க்காமல் ஏறுவது

பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும், நைலான் நனைந்தால் தளரும். காலையில் கட்டிய இழுவை மாலையில் இருக்காது. மணல் மூட்டையைப் போட்டு, எவ்வளவு எம்புகிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

வலையிலிருந்து இறங்குவது

நன்றாக விழுந்தவர்கள்கூட இங்கே கோட்டைவிடுவார்கள். வலை ஆளுயரத்துக்கும் மேலே இருக்கிறது, ஓரத்திலிருந்து குதிக்காதீர்கள். குப்புறப் படுத்து, ஓரக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, தலையை உள்ளே வாங்கி உருண்டால் கால் தரைப்பக்கம் தொங்கும். பிறகு கையை விடலாம். விரலைக் கண்ணிக்குள் கோக்காதீர்கள், உருளும்போது முறியும். நடு வலையில் நின்று கும்பிடுவதும் வேண்டாம். நீங்கள் வலையைவிட்டு இறங்கும்வரை மேலே அடுத்தவர் பாரைக் கையில் பிடித்தபடி பலகையில் காத்து நிற்கிறார்.