ஆப்ப சோடாவும் என் 1500 மீட்டரும்

போட்டிக்குப் போகும் என் பையில் ஸ்பைக்ஸ், சேஃப்டி பின், இரண்டு வாழைப்பழம், ஒரு பொட்டலம் ஆப்ப சோடா இருக்கும். "அக்கா, மைதானத்துல ஆப்பம் சுடப் போறீங்களா?" என்று கூட ஓடும் பெண் கேட்டாள். கடைசிச் சுற்றுவரை வேகம் குறையாமல் இருக்க, ஓடுவதற்கு முன் அதை நீரில் கரைத்துக் குடிக்கிறேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது, 54 கிலோ எடை. மூத்த வயதினருக்கான மாஸ்டர்ஸ் பிரிவில் 800, 1500 மீட்டர் ஓடுகிறேன். 1500-இல் மூன்றாவது சுற்றின் பின்பாதியில் தொடை கல்லாகிவிடும். வேகமாக ஓடும்போது தசையில் ஹைட்ரஜன் அயனிகள் சேர்ந்து அமிலத்தன்மை ஏறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சோடாவில் இருக்கும் பைகார்பனேட் தசைக்குள் அவ்வளவாகப் புகாது. ரத்தத்தில்தான் தங்கும். ஆனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடினால் தசையிலிருந்து அமிலம் வேகமாக வெளியேறும். அது கரியமில வாயுவாக மாறி மூச்சில் போய்விடும். அதனால்தான் அரை நிமிடம் முதல் சுமார் 12 நிமிடம் வரை நீளும் கடும் முயற்சிகளில் இதன் பலன் தெரிகிறது. மாரத்தான் ஓடுகிறவர் இதற்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் பொட்டலத்தைப் பாருங்கள். 'சோடியம் பைகார்பனேட்' அல்லது 500(ii) என்ற எண் இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். சலவை சோடா வாய்க்கே போகக் கூடாது, அது குடலைப் புண்ணாக்கும்.

ஆய்வுகளில் அதிகம் வரும் அளவு கிலோ எடைக்கு 0.3 கிராம். பலன் தெரியும் குறைந்த அளவு 0.2 கிராம். என் எடைக்கு 0.3 என்றால் 16.2 கிராம். இதை ஸ்பூனில் அளக்காதீர்கள். நான் முதல்முறை வெறும் வயிற்றில், ஓடுவதற்கு அரை மணி முன்னால், கண்ணளவாகக் குவித்து நான்கு ஸ்பூன் போட்டு ஒரே மடக்கில் குடித்தேன். பயிற்சியில் இடையிடையே ஓய்வெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடும் ஓட்டத்தில் இரண்டாவது முறை முடிவதற்குள் வயிறு பலூன் மாதிரி ஊதிவிட்டது. மைதானக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் தராசு வாங்க முடிவு செய்தேன். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

இப்போது செய்வது இப்படி. ஓட்டம் 9 மணிக்கு என்றால் 6.15-க்கு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. சாம்பார் வேண்டாம். சோடாவை நான்கு பங்காக்கி 6.30, 6.50, 7.10, 7.30 என்று ஒவ்வொரு பங்கையும் ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் முழுதாகக் கரைத்துக் குடிப்பேன். அடியில் தூள் தங்கக் கூடாது. சுவைக்காக எலுமிச்சை பிழியாதீர்கள், டம்ளரிலேயே பொங்கிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சோடாவை மொத்தமாகக் குடிப்பது ஆபத்து. வாயு நிரம்பி இரைப்பையே கிழிந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

ரத்தத்தில் பைகார்பனேட் உச்சம் தொடும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகலாம். அதைவிடப் பெரிய தலைவலி, 9 மணி என்று அட்டவணையில் போட்டுவிட்டு 10.30-க்குக் கூப்பிடுவது. அதனால் முந்தைய போட்டிகள் சொன்ன நேரத்துக்கு நடக்கிறதா என்று விசாரித்த பிறகே முதல் டம்ளரை எடுப்பேன்.

போட்டியன்று முதல்முறை முயலவே கூடாது. நான் மூன்று செவ்வாய்க்கிழமைகளில் 0.1, 0.2, 0.3 என்று ஏற்றிப் பார்த்தேன். பயிற்சி ஒன்றேதான்: 400 மீட்டர் ஆறு முறை, இடையில் 90 விநாடி ஓய்வு. வழக்கமாக முதல் சுற்று 84 விநாடியில் போனால் ஆறாவது 89-க்கு இறங்கும். 0.3-இல் ஆறாவது 86. ஆனால் வயிறு கடமுடா. கடைசியில் 0.25, அதாவது 13.5 கிராமில் நின்றேன். குடித்தது சோடா என்று எனக்குத் தெரியும், அந்த உப்புக் கரிப்பை மறைக்க வழியில்லை. அந்த மூன்று விநாடியில் மனசின் பங்கு எவ்வளவோ!

இந்த ஆய்வுகளில் ஓடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்கும் பலன் உண்டு என்று 2021-இல் சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்து சங்கம் தன் நிலைப்பாட்டில் சொன்னது. மாதவிடாயின் முதல் நாள் எனக்கு எப்படியும் வயிறு இளகியிருக்கும், அன்று சோடாவைத் தொட மாட்டேன். நீங்களும் சோதனை நாளை அதற்கேற்பத் தள்ளிவையுங்கள்.

ஒரு கிராம் சோடாவில் 0.27 கிராம் சோடியம். என் 13.5 கிராமில் ஏறத்தாழ 3.7 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2 கிராம்தான். ஆகவே ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம். தினசரி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 10-இல் இருக்கும்போது சோடா குடித்து என்ன பயன்? முதலில் அதைச் சோதியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் சோடாவோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரும்பு சரியாக உறிஞ்சப்படாது.

சோடா தடை செய்யப்பட்ட பொருள் இல்லை, யாருக்கும் ஒளித்துக் குடிக்க வேண்டியதில்லை. கடைசி டம்ளர் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் நடங்கள். நீளமாக ஒரு ஏப்பம் வரும். அது வந்த பிறகு வார்ம் அப்புக்குப் போகலாம்.