கல்லறைத் தோட்டச் சிற்றாலயத்தின் வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அளவு நாடாவை மறந்துவிட்டுப் போவது, மங்கிய கல்வெட்டைத் தப்பாகப் படிப்பது போன்றவை இங்கே இல்லை. அவற்றை மறுநாளே போய்த் திருத்திக்கொள்ளலாம். கீழே உள்ளவை அறிக்கை அச்சாகி, அதை நம்பிச் சீரமைப்பு வேலை தொடங்கிய பிறகு வெளிப்படுகிற தவறுகள்.

தோட்டம் திறந்த ஆண்டே கட்டடத்தின் ஆண்டு என்று எழுதுவது

பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் 1804-இல் திறக்கப்பட்டது. அதன் சிற்றாலயம் எழும்பியது 1820-களில். முதலில் நிலம், மதில், வாயில்; அடக்கக் கட்டணம் சேர்ந்த பிறகே சிற்றாலயம். பல ஊர்களில் இதுதான் வரிசை. அடக்கப் பதிவேட்டின் முதல் பக்கம் தோட்டத்தின் வயதைத்தான் சொல்லும். கட்டடத்துக்கு ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்த கணக்கைத் தேடுங்கள்.

குட்டி தேவாலயம் என்று நினைத்துக்கொள்வது

எல்லாவற்றிலும் அதிக சேதம் செய்வது இதுதான். கூர்வளைவு, வண்ணக் கண்ணாடி, ஒரு கோபுரம் கண்ணில் பட்டதும் ஞானஸ்நானத் தொட்டி எங்கே, பாடகர் மேடை எங்கே என்று தேடத் தொடங்குகிறார்கள். கிடைக்காவிட்டால் ‘பிற்காலத்தில் அகற்றப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். அகற்றவில்லை, பெரும்பாலும் அவை அங்கே இருந்ததே இல்லை. தேவாலயம் வாரந்தோறும் வந்து உட்காரும் சபைக்கானது. இந்தக் கட்டடமோ சிறிது நேரம் தங்கிப் போகும் ஒரு சவப்பெட்டிக்கானது. அந்தப் பெட்டி போன வழியைப் பிடித்தால்தான் கட்டடம் புரியும்.

வண்டி நின்ற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். போர்டிகோ (வாசலுக்கு முன் கூரையிட்ட முகப்பு) வளைவின் உயரத்தையும் அகலத்தையும் எடுங்கள். தூணடியில் சக்கரம் உரசாமலிருக்க நட்ட காப்புக் கல் இருக்கிறதா பாருங்கள். அடுத்து வாசல். நிலையின் வெளி அளவு வேண்டாம், கதவு முழுதும் திறந்தபின் கிடைக்கும் இடைவெளிதான் கணக்கு. பெட்டியைச் சுமப்பவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் தாங்கி நடக்கிறார்கள், 90 செ.மீ. வாசலில் அது நடக்காது. அப்படிப்பட்ட வாசல் போதகர் அறைக்கானதாக இருக்கலாம். உள்ளே உள்ள நடைவழிகளையும் அளந்துகொள்ளுங்கள்: 2 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பெட்டியைச் சாய்க்காமல் 1 மீட்டர் அகல நடைவழியில் செங்கோணமாகத் திருப்ப முடியாது.

பிறகு தரை. நடுவிலோ கோடியிலோ ஏறத்தாழ ஒரு பெட்டியளவுக்கு ஓடு மாறியிருந்தால், அங்கே பெட்டி வைக்கும் மேடை இருந்திருக்கலாம். கீழே நிலவறையும் இருக்கலாம். தட்டிப் பாருங்கள், வெளிச்சுவரின் அடிமட்டத்தில் காற்றுத் துளைகளைத் தேடுங்கள். லண்டன் கென்சல் கிரீன் சிற்றாலயத்தில் பெட்டியை நிலவறைக்கு இறக்க நீரழுத்த இயந்திரமே இருக்கிறது. கடைசியாக, இரண்டாவது வாசல். ஒரு ஊர்வலம் வெளியேறும்போதே அடுத்தது உள்ளே வரவேண்டுமென்று வைத்த வழி அது. பின்னாளில் செங்கல் வைத்து அடைத்து, முன்னால் அலமாரியை நிறுத்தியிருப்பார்கள். வெளியே நின்று பார்த்தால் வரிசைக்கு வரிசை மாறிப் போகவேண்டிய இணைப்புக்கோடு ஓரிடத்தில் நேர்செங்குத்தாக இறங்கும். அடைத்த வாசலின் ஓரம் அதுவாக இருக்கலாம்.

இதில் வயிறெரிய வைப்பது இரட்டைச் சிற்றாலயங்களின் கதிதான். இங்கிலாந்தில் 1850-களின் அடக்கச் சட்டங்களுக்குப் பிறகு நகரங்கள் திறந்த தோட்டங்களில், ஆங்கிலிக்கன் சபைக்கு அர்ச்சித்த (சடங்கு செய்து புனிதமாக்கிய) நிலம், மற்றவர்களுக்கு அர்ச்சிக்காத நிலம் என்று பிரித்தார்கள். அதனால் சிற்றாலயமும் பல இடங்களில் இரண்டு, நடுவில் வண்டி நுழையும் வளைவு, சில இடங்களில் அதன் மேல் கோபுரம். இது தெரியாதவர் ஒன்றைச் சிற்றாலயம் என்றும் மற்றதைக் கிடங்கு என்றும் குறித்துவிடுகிறார். பணம் குறையும்போது ‘கிடங்கு’ இடிபடுகிறது. நடுவளைவு பக்கவாட்டில் தள்ளும் உதைப்பைத் தாங்கிய ஒரு பக்கம் போய்விட, வளைவு விரிந்து விரிசல் விடத் தொடங்குகிறது. ஆவணத்தில் ஒரு சொல் தப்பியதற்குக் கட்டடம் தரும் விலை இது.

ஒன்றுதான் நிற்கிறது என்பதால் இன்னொன்று இடிந்தது என்றும் முடிவுகட்ட வேண்டாம். 1840-இல் திறந்த லண்டன் அப்னி பார்க் கல்லறைத் தோட்டத்தில் நிலம் அர்ச்சிக்கப்படவே இல்லை. வில்லியம் ஹோஸ்கிங் வடிவமைத்த ஒரே சிற்றாலயம் எல்லாப் பிரிவினருக்கும் பொது.

போட்டியில் வென்ற வரைபடத்தை நம்புவது

கென்சல் கிரீன் போட்டியில் வென்றது கட்டடக் கலைஞர் கெண்டலின் கோதிக் (கூர்வளைவு பாணி) வடிவம். எழுந்து நிற்பது ஜான் கிரிஃபித்தின் கிரேக்க பாணிக் கட்டடம். வரைபடத்தோடு போய்ச் சுவரை அளக்காமல் எழுதாதீர்கள்.

சுவர் ஒரே காலத்தது என்று கொள்வது

அமெரிக்காவின் மவுன்ட் ஆபர்ன் தோட்டத்தில் பிகலோ சிற்றாலயம் 1840-களில் கட்டி, கல் பழுதானதால் 1850-களில் பிரித்துத் திரும்பக் கட்டப்பட்டது. தோற்றத்தை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. காரை மாதிரியைக் குறைந்தது மூன்று உயரங்களில் எடுத்து ஒப்பிடுங்கள்.

கோபுரம் என்றால் மணி என்று எழுதுவது

ஏறிப் பாருங்கள். 1902-இல் திறந்த லண்டன் கோல்டர்ஸ் கிரீன் எரியூட்டு மயானத்தில் கோபுரத்துக்குள் இருப்பது புகைபோக்கி.

சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமென்ட் பூச்சு

கூடாது. ஈரம் உள்ளே சிக்கி, கல்லின் முகம் உதிரும். ஏற்கெனவே பூசியிருந்தால், எந்த உயரம் வரை என்று படத்தில் குறித்துவிடுங்கள்.